வெள்ளையடித்த தெற்குச் சுவர்

குன்ஸாங் வரைந்து கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் குளிருக்குப் பயப்பட மாட்டார்கள், குன்ஸாங்குக்குத்தான் பயப்படுவார்கள். லடாக்கில் லே பட்டணத்திலிருந்து சக்டி கிராமம் வரை இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. சாவியைக் கையில் கொடுத்த பிறகும் வீட்டுக்காரர்களை விடமாட்டாள். குளிர்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாள். வெயில் வரும் தெற்கு ஜன்னலை மறைத்து யாராவது பீரோ வைத்திருந்தால் போச்சு, அன்றைக்கு அந்த வீட்டில் கச்சேரிதான்.

லேயில் ஹோட்டல் நடத்தும் பெரிய மனிதர் ஒருவர், வடக்கே மலை அழகாகத் தெரிகிறது, அந்தப் பக்கம் சுவர் முழுக்க ஜன்னல் வேண்டும் என்று ஒருமுறை அடம்பிடித்தார்.

"மலையப் பாக்கணும்னா மாடிக்குப் போங்க. குளிருக்கு வாசலத் தொறந்து விட்டுட்டு, அப்புறம் என்னை வந்து திட்டாதீங்க," என்றாள்.

வடக்கு ஜன்னல் போய்த் தெற்கு ஜன்னல் வந்தது. இப்போது ஜனவரியிலும் வெறும் சட்டையோடு உட்கார்ந்து வெண்ணெய் டீ குடிக்கிறார் என்று கேள்வி.

இப்படி ஊரையே அதட்டுகிறவள் ஒரே ஒருவரிடம் மட்டும் வாய் திறக்க முடியாமல் தவித்தாள். அது அவளுடைய தங்கை யாங்டோலின் மாமனார் துண்டுப். அதற்குக் காரணம் இருந்தது.

யாங்டோலின் முதல் குழந்தை பிறந்தது ஒரு கொடுங்குளிரில். புருஷன் ராணுவத்தில், எல்லையில் இருந்தான். அடுப்பு அணையவே கூடாது என்று மாமனார்தான் ராப்பகலாக உட்கார்ந்து வறட்டியைப் போட்டுக்கொண்டே இருந்தார். காற்று நுழையாமல் ஜன்னல் இடுக்கிலெல்லாம் கந்தையைத் திணித்தார். குழந்தைக்கு இருமல் வந்தது, மூச்சு முட்டியது, பனி உருகுவதற்குள் போய்விட்டது. நெஞ்சைக் கெடுத்தது குளிரல்ல, புகைதான் என்று குன்ஸாங்கிடமும் யாங்டோலிடமும் டாக்டர் தனியாகச் சொன்னார். பாவம், அந்த மனுஷரிடம் இதை எப்படிச் சொல்வது? குழந்தைக்குக் குளிர் தாங்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

யாங்டோல் மறுபடி உண்டானாள் என்று தெரிந்ததும், குன்ஸாங் அந்தப் பழைய வீட்டின் தெற்குப் பக்கம் ஒரு அறை சேர்த்துக் கட்டினாள். அடுப்பே இல்லாத அறை. வைக்கோலும் மண்ணும் பிசைந்து வெயிலில் காயவைத்த கல்லால் தடிமனான சுவர். தெற்குச் சுவரின் வெளிமுகத்தில் கருப்புப் பூசி, கையளவு இடைவெளி விட்டு முன்னால் கண்ணாடி பதித்தாள். சுவர் பகலெல்லாம் வெயிலை உள்ளே வாங்கிக்கொள்ளும், பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூடு மெல்ல அறைக்குள் இறங்கும்.

"இந்தப் புள்ள புகைன்னா என்னன்னே தெரியாம வளரும் பாரு," என்று தங்கையின் கன்னத்தைத் தடவிச் சொல்லிவிட்டு நுப்ரா பள்ளத்தாக்குக்கு வேலையாகப் போனாள்.

லோசர் புத்தாண்டு முடிந்து திரும்பி வந்து பார்த்தால், அந்த அறையில் யாங்டோல் நிறைவயிற்றோடு இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். சொம்புத் தண்ணீரில் பனி படர்ந்திருந்தது. குன்ஸாங் சுவரைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. வெளியே ஓடிப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் தெற்குச் சுவர் பளீரென்று வெள்ளை வெளேரென்றிருந்தது.

"எந்தப் புண்ணியவான்டி இந்த வேலையப் பாத்தது?"

"கத்தாத ஆச்சே! ஆபா-லே காதுல விழுந்துடப் போகுது," என்றாள் தங்கை. அக்காவை ஆச்சே என்றும் மாமனாரை அப்பா முறையில் ஆபா-லே என்றும்தான் கூப்பிடுவாள். "லோசருக்கு ஊரே வெள்ளையடிக்கிறப்ப, புள்ள படுக்குற சுவரு மட்டும் கருப்பா இருக்கலாமா, கெட்டது அண்டிடாதான்னு அவரே அடிச்சுட்டாரு. அந்தக் குளிர்ல கண்ணாடிய ஒண்ணொண்ணாக் கழட்டி, பூசி, திரும்ப மாட்டி... கையெல்லாம் வெடிச்சுப் போச்சு."

"நீ பாத்துக்கிட்டு சும்மாவா இருந்த?"

"பாடிக்கிட்டே பூசினாரு ஆச்சே. குழந்தை போனதுக்கப்புறம் அவரு பாடி நான் கேட்டதே இல்ல. எப்படித் தடுக்கிறது? விடு, ஒரு அடுப்பப் போட்டுக்கலாம்."

அடுப்பா? அந்தப் பேச்சே கூடாது. பிரசவத்துக்கு இன்னும் சில நாட்கள்தான். சுவர் கருப்பாக வேண்டும். ஆனால் அந்த மனிதரிடம், உங்கள் ஆசையே மறுபடியும் குழந்தைக்கு எமனாக வந்து நிற்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் டீ ஊற்றினார்.

"ஆபா-லே, வெள்ளை... நல்லாத்தான் இருக்கு."

"உன் வாயில நல்லாருக்குன்னு வந்தா எங்கயோ இடிக்குதே," என்றார் அவர். "ஊர் உலகத்தையே திட்டுறவ, எங்கிட்ட மட்டும் ஏம்மா மென்னு முழுங்குற?"

வேறு வழியில்லாமல் சொன்னாள். வெள்ளைச் சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், சூடு உள்ளே வராது, அறை இப்படியே இருந்தால் அடுப்புதான் வைக்க வேண்டியிருக்கும்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குப் புகை மாதிரியா?" என்றார்.

குன்ஸாங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புகைதான்னு எனக்குத் தெரியும்மா. புள்ள இருமுறப்ப என் கண்ணும்தானே எரிஞ்சுது? யாராவது ஒருத்தர் என்னைத் திட்டுவீங்கன்னு பாத்தேன். திட்டியிருந்தா அழுது தீத்திருப்பேன். நீங்க எல்லாரும் எங்கிட்ட நல்லவங்களாவே நடந்துக்கிட்டீங்க. நான் அத வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

குன்ஸாங் அவர் வெடித்த கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து இத்தனை நாள் தனியாக விட்டுவிட்டோமே என்று அவளுக்கு ஆறவில்லை.

அவர்தான் முதலில் எழுந்தார். "கருப்பு எங்க?"

"ஆகாதுன்னு சொன்னீங்களே, ஆபா-லே?"

"கருப்பு எதுக்குன்னு லாமா கேட்டா நான் பேசிக்கிறேன். அவரே குளிர்காலம் பூரா வெயில்ல உக்காந்துதான ஜெபமாலை உருட்டுறாரு. அவருக்குப் புரியாதா?"

உச்சி வெயிலில் இருவரும் கண்ணாடிகளைக் கழற்றிச் சுவருக்குக் கருப்புப் பூசினார்கள். "அங்க விட்டுட்டீங்க, இங்க திட்டு விழுந்திருக்கு," என்று குன்ஸாங் வழக்கம்போல அதட்ட, அவர் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

லே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து வந்த மாலை, அறை கதகதப்பாக இருந்தது. யாங்டோல் கம்பளியைத் தள்ளிவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். மாமனாரை மட்டும் காணோம். குன்ஸாங் வெளியே எட்டிப் பார்த்தாள். அவர் வாசலிலேயே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் உள்ள வரலாமாம்மா? எதையாவது தப்பா செஞ்சுடுவேனோன்னு இருக்கு."

"வாங்க ஆபா-லே," என்றாள் குன்ஸாங். "தப்பா செஞ்சா நான் திட்டுறேன்."

அதற்குப் பிறகுதான் அவர் காலணியைக் கழற்றினார்.