மலைக்குக் கொண்டுபோன கத்தி

போன வருடம் கல்வராயன் மலையில் இரண்டு நாள் நடக்கப் போகிற ஒரு குழுவில் சேர்ந்தேன். பத்துப் பேர், ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு பொதுச் சாமான் கொண்டுவர வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் பானை, கயிறு, தார்ப்பாய் என்று எழுதினார்கள். நான் கத்தி என்று எழுதினேன். காய் நறுக்க, கயிறு அறுக்க, விறகு பிளக்க எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டும். எல்லோரும் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். நானாகப் போய்ப் பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை.

திண்டிவனத்தில் வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடை போடுவது என் வேலை. பகலெல்லாம் எடையைத்தான் உரக்கச் சொல்கிறேன். அறைக்குத் திரும்பினால் அதுவும் கிடையாது.

திண்டிவனத்துக் கடைக்காரர்களுக்கு என் முகம் தெரியும், எதற்கு என்று கேட்பார்கள் என்று பயந்து விழுப்புரம் போனேன். அங்கே இரும்புச் சாமான் கடைக்காரர் முதலில் கேட்டதே அதுதான்.

"இன்னா சார், ஆடு உரிக்கவா, ஆள மெரட்டவா?"

"தேங்காய்க்கு" என்று சொல்லிவிட்டேன். மலைக்கு என்றால் இந்த வயதில் எதற்கு என்பாரே.

அவர் வரிசையாகக் கொடுவாள்களை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் வேண்டாம் என்றேன், காய் நறுக்க ஆகாது. மடக்குக் கத்தியும் வேண்டாம், விறகு பிளக்கத் தட்டினால் மடங்கும் இடம் விட்டுப்போகும். சமையல் கத்திகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தகடு மெல்லிசு, பிடிக்குள் பாதியிலேயே இரும்பு நின்றுவிடுகிறது.

"தேங்கா வெட்ட வந்துட்டு எல்லாத்தையும் மோந்து மோந்து பாத்துக்கினு கீறீங்க. பேஜாரா போச்சு சார் உங்களோட!"

"மலைக்குப் போறேங்க. பத்து பேரா போறோம். தங்கி, சமைச்சு..."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றவர், பலகைக்கு அடியிலிருந்து தோலுறை போட்ட ஒன்றை எடுத்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. முதுகு தடிமன். பிடியின் கடைசி வரை ஒரே இரும்பு, இரண்டு பக்கமும் மரம் வைத்து ஆணி அடித்திருந்தது. "ஈரத்தோட வெச்சீங்கன்னா துரு புடிச்சிக்கும். தொடச்சி எண்ண தடவுங்க. ஜோரா சுத்திட்டு வாங்க, போங்க!"

பத்துப் பேரா போறோம் என்று நான் சொன்னதை பஸ்ஸில் வரும்போது இரண்டு மூன்று முறை நினைத்துக்கொண்டேன்.

மலையில் ஒருவருடைய கொல்லையில் அனுமதி கேட்டுத் தங்கினோம். நான் நினைத்தபடியேதான் நடந்தது. "அண்ணா, கத்தி?" என்று வந்தார்கள். துடைத்து வைக்கச் சொல்ல வேண்டும், அதிலிருந்து பேச்சு வளரும் என்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெங்காயத்திலிருந்து தார்ப்பாய்க் கயிற்றுக்கு, அங்கிருந்து எலுமிச்சம்பழத்துக்கு என்று கத்தி கைமாறிக்கொண்டே இருந்தது. அது போன இடமெல்லாம் சிரிப்பு. நான் பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரு பெண் அதைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். "கையில குடுத்தா சண்டை வருமாம்ணா, எங்கம்மா சொல்வாங்க. அதான் கீழ வெச்சேன்."

வந்தால் வரட்டுமே என்று சொல்லலாம் போலிருந்தது. அதற்குள் அவள் போய்விட்டாள். கத்தியில் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் கறுத்திருந்தது.

பொழுது சாயும் நேரம். முந்தின நாள் மழையில் நனைந்த விறகு, ஊதி ஊதி எல்லோருக்கும் கண் எரிந்ததுதான் மிச்சம். நான் எழுந்து போய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். கட்டையை நிறுத்தி, தலையில் கத்தியை வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினேன். இரண்டாகப் பிளந்தது. உள்ளே காய்ந்த மரம். மெல்லிய சிராய்களாகச் சீவித் தந்தேன். தீ பிடித்துக்கொண்டது.

"சூப்பர்ணா! இந்தக் கத்திய எங்க புடிச்சீங்க?"

"விழுப்புரம்" என்றேன். கேட்டவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். பிறகு பானையை ஏற்றப் போனார்.

நான் பிளந்துகொண்டே இருந்தேன். சோறு வெந்தது. எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் விட்டு, தரையைத் தட்டிக் காட்டினார்.

"போதும்ணா, ரெண்டு நாளைக்கு வரும். வாங்க, வந்து இப்டி உக்காருங்க."

நான் அந்த மலைக்குப் போனதே அதற்காகத்தான். "இன்னும் ரெண்டுதான், நீங்க சாப்பிடுங்க" என்றேன். தலைகூட நிமிரவில்லை.

அவர் சாப்பிடத் திரும்பினார். பிறகு அந்த இடத்தில் யாரோ தண்ணீர்க் குடத்தை வைத்தார்கள். நான் அடுத்த கட்டையை நிறுத்தினேன்.