திரும்பி வராத யோயோ

சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ரயிலேறினால் நேராகப் போய் இறங்கிவிடலாம். என் மனைவிக்கோ பூந்தமல்லியில் ஒரு லேபில் வேலை. ஆவடியில் பஸ் மாறி, அடித்துப் பிடித்து வீடு வந்து சேரும்போது பேசக்கூடத் தெம்பு இருக்காது. வீடு மாறலாம் என்பாள். நான் முடியவே முடியாது என்பேன். ஏரிக்காற்று, ஸ்டேஷன் பக்கம் என்று எனக்கு ஆயிரம் காரணம்.

சண்டை முற்றிப் பேச்சே நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லி, பையையும் எடுத்து வைத்துவிட்டாள். போனால் திரும்பி வருவாளா என்று பயம்தான். ஆனாலும் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. வீம்பு.

அப்போதுதான் சிகரெட்டை விட்டிருந்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று ஆன்லைனில் ஒரு யோயோ வாங்கினேன், நூலில் ஆடும் இரட்டை வட்டு. வீடியோவில் ஆரம்பப் பாடங்களைத் தள்ளிவிட்டு நேராகக் கஷ்டமான வித்தைக்குத் தாவுவது என் குணம். சுழல்கிற யோயோவைப் பக்கவாட்டில் வீசி, இடது விரலைச் சுற்றி வரவைத்து, அதன் நூல் மேலேயே உட்காரவைக்க வேண்டும். அதுகூடப் பழகிவிட்டது. கைக்குத் திரும்புவதுதான் நடக்கவில்லை. சின்ன வயதில் விளையாடியது சுண்டி இழுத்தால் மேலே வந்துவிடும். இது எவ்வளவு இழுத்தாலும் அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று விற்றவனைத் திட்டிக்கொண்டே நூலைக் கையால் சுற்றுவேன்.

அந்த ஞாயிறு காலை மொட்டைமாடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதை முடித்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தாள். நான் ஓரமாக நின்று யோயோவை இழுத்துக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தில் வெட்டி இழுத்ததில் அது எகிறி என் புருவத்தில் அடித்தது. அவள் ஓடிவந்து ஈரத்துணியை வைத்து அழுத்தினாள்.

"எப்பப் பாரு இழுத்துகினே கீற. கொஞ்சம் வுட்டுக் குடுத்தாதான் இன்னா?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. அவள் துணிப் பக்கம் திரும்பியதும் மறுபடி வீசினேன். யோயோ நூல் மேல் உட்கார்ந்தது. இந்தத் தடவை இழுக்காமல் நூலைத் தளர்த்திக் கொடுத்தேன். தளர்ந்த நூல் மடங்கி நடு இடுக்கில் சிக்க, யோயோ சரசரவென்று நூலைச் சுருட்டிக்கொண்டு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பழுதெல்லாம் ஒன்றுமில்லை, தளர்த்தினால்தான் திரும்பும், அதன் சுபாவமே அதுதான். நீ சொன்னபடியே வந்துவிட்டது என்று குதிக்காத குறையாக அவளிடம் காட்டினேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நான் யோயோவப் பத்தியா சொன்னேன்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆவடியில் வீடு பார்க்கலாமா, எனக்கும் ரயில் இருக்கிறது, உனக்கும் ஒரே பஸ்தான் என்றேன். அவள் காலி பக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். நான் போய்ப் பார்த்தபோது பையிலிருந்த புடவைகள் பீரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

இப்போது ஆவடியில்தான் இருக்கிறோம். யோயோ சொன்னபடி கேட்கிறது. ஆனால் விட்டுக்கொடுப்பது மட்டும் இன்னும் எனக்குச் சரளமாக வரவில்லை, பழகிக்கொண்டேதான் இருக்கிறேன்.