ஆபீஸில் கூப்பிடுகிறார்கள்

சில வருடங்களுக்கு முன்பு, அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான்.

எங்கள் வகுப்பு மூன்றாவது மாடியில். டீச்சர்களுக்கான பாத்ரூம் கீழே, ஆபீஸை ஒட்டி. வகுப்பைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஓய்வாகக் கிடைக்கும் பீரியடிலும் லீவு போட்ட யாருடைய வகுப்பையாவது தலையில் கட்டிவிடுவார்கள். இடைவேளையில் இறங்கிப் போனால் அங்கே வரிசை நிற்கும், என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். நான் கண்டுபிடித்த வழி, சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பது. கொண்டுபோன பாட்டில் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். துளசிச் செடிக்கு ஊற்றுவேன்.

ஒருநாள் சிறுநீரகம் பாடம். தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பசங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அடிவயிறு சுருட்டிப் பிடித்து, உடம்பெல்லாம் நடுங்கி, நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். மந்தைவெளி டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இப்படியே அடக்கிக்கிட்டிருந்தா கிட்னிக்கே ஆபத்தும்மா. என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சயின்ஸ் டீச்சர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. டீச்சர் என்று மட்டும் சொன்னேன்.

லீவு முடிந்து வந்து, ஸ்டாஃப் ரூமில் தோழியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். மூலையில் பி.டி. சார் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. போர்ஷன் முடிக்கவேண்டும் என்று அவருடைய விளையாட்டுப் பீரியடை எல்லாம் பிடுங்கிக்கொண்டவள் நான்தான்.

மறுநாள் அவர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "மிஸ், உங்கள ஆபீஸ்ல கூப்பிடறாங்க. நான் கிளாஸைப் பாத்துக்கறேன்."

என்ன தப்பு செய்தோமோ என்று பயந்துகொண்டே இறங்கினேன். ஆபீஸில் யாரும் கூப்பிடவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று பக்கத்திலிருந்த பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தேன். அடுத்த நாளும் அதே கதை. இந்த மனுஷன் நம்மோடு விளையாடுகிறாரா என்று கோபமாகப் படியேறினேன். பாதிப் படியில்தான் உறைத்தது. அங்கேயே நின்றுவிட்டேன், கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு தினமும் ஆபீஸில் கூப்பிட்டார்கள். யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவே இல்லை. தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன்.

தேர்வு முடிந்ததும் அவரிடம் போய், "உங்க பீரியடை எல்லாம் இனிமே நீங்களே எடுத்துக்கோங்க சார்" என்றேன்.

"சரி மிஸ். அப்புறம் உங்கள ஆபீஸ்ல யாரு கூப்பிடுவாங்க?" என்றார், சிரிக்காமலே.

"பசங்க கிரவுண்டுல இருந்தா நானே போய்க்கறேன் சார்" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போதும் பசங்க கீழே கத்தி விளையாடும் சத்தம் கேட்கும்போது, பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடிப்பேன். நான் அவரிடமிருந்து பிடுங்கிய நேரத்தில்தான் அவர் எனக்காக வந்து வாசலில் நின்றார் என்பது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.