நாற்பது வாட் அடுப்பு

பெங்களூரில் மகள் வீட்டு ஹீட்டரில் நேற்று தூசி கருகிய வாசனை வந்ததும், இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குள் நினைவில் போய் நின்றுவிட்டேன். அங்கே வெள்ளை மண் தூசியில் இருபது வயதுப் பெண்கள்கூட நரைத்திருப்பார்கள். களிமண் தட்டின் பள்ளத்தில் கம்பிச்சுருளைப் பதித்து கரண்ட் விட்டால், தூசி கருகி, சுருள் மெல்லச் சிவக்கும்; அதுதான் கரண்ட் அடுப்பு.

மண் பிசைந்துகொண்டிருந்த என் அக்காவுக்கு, அடுப்பைச் சோதிக்கும் மேசைக்கு மாற ஆசை. மீட்டரைப் பார்த்து ஓம், வாட் கணக்குப் போடத் தெரிந்தால் அந்த இடம் அவளுக்குத்தான் என்றார் மேஸ்திரி. அவள் ஐந்தாவதோடு நின்றவள். நானோ ஒன்பதாவது படிக்கும் மேதை.

"வோல்ட்டை ஆம்பியரால பெருக்குனா ஓம், வகுத்தா வாட்."

"சரியாத்தான் சொல்றியாடா?"

"என்னையே சந்தேகப்படுறியா?"

மறுநாள் நான் சோற்றுத் தூக்கோடு போனபோது, இருநூறு வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் இழுத்த அடுப்புக்கு அக்கா ஆயிரம் ஓம், நாற்பது வாட் என்று எழுதியிருந்தாள். நான் சொல்லித் தந்தது தலைகீழ்.

"நாப்பது வாட்டு அடுப்பாம்மா? பொங்கலுக்கு ஒல வச்சா தீவாளிக்குத்தான் கொதிக்கும். யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் மேஸ்திரி.

அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. "எனக்குத்தான் மண்டைல ஏறலைங்க."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கல்யாணம் வரை அவள் மண்தான் பிசைந்தாள். நான் அதே சூத்திரத்தைச் சரியாகப் படித்து, முப்பது வருஷம் பள்ளியில் நடத்தி, நல்ல வாத்தியார் என்று சால்வை வாங்கினேன். முன்வரிசையில் இருந்து அக்கா கைதட்டினாள். அன்றும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.