தாய்மாமனைத் தேடி வந்தவன்

வேலை எதுவும் இல்லாமல் ஒரு ஆள் என் பட்டறைக்கு இரண்டாம் தடவை வந்தால் எனக்குக் கை ஓடாது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகளுக்கு வெல்டிங் வைக்கிற பட்டறை அது. வருகிறவன் கையில் உடைந்த இரும்பாவது இருக்கும், இல்லை வெளியே லாரியாவது நிற்கும். அப்படி வந்த ஜெயபிரகாஷிடம் ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு போனும்தான் இருந்தன.

சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகி வைத்திருந்தான். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. முதல் நாள் நிழலுக்கு ஒதுங்கினேன் என்றான். அடுத்த வாரம் டீ வாங்கி வந்தான். அதற்கடுத்த முறை, உங்கள் அக்கா பெண் பிளஸ் டூ முடித்துவிட்டதாமே என்று ஆரம்பித்தான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க அனுப்பிய ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் முப்பத்தைந்து வயதுப் பையன்கள் பெண் கிடைக்காமல் கோயில் கோயிலாகச் சுற்றுகிறார்கள். ஒரு பெண் பரீட்சை எழுதி முடித்தால் ரிசல்ட்டுக்கு முன்னால் வரன் வந்துவிடும். என் அக்கா பழனியம்மாளின் மகள் மோனிஷாவுக்கு ஒரு ரிக் முதலாளி வீட்டிலிருந்து இடம் வந்திருந்தது. அவளுக்கு மேலே படிக்க ஆசை என்று அக்கா ஜாடையாகச் சொன்னாள். ஆனால் அக்காவும் சரி, அவள் வீட்டுக்காரரும் சரி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் சொல்லாமல் எங்கள் வீடுகளில் எதுவும் நகராது. நான் அந்த இடத்துக்குச் சரி என்று சொல்லுகிற எண்ணத்தில்தான் இருந்தேன். நல்ல இடம், விட்டால் வருமா?

அதனால் ஜெயபிரகாஷிடம் பெண்ணைப் பற்றிப் பெருமையாக அளந்தேன். குழம்பு வைத்தால் தெருவே மணக்கும், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள் என்றேன். கணக்குப் பாடத்தில் எப்படி என்று கேட்டான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் அதையும்தான் கேட்கிறார்கள்.

அவன் என்னைத் தோண்ட, நானும் அவனைத் தோண்டினேன். அப்பா ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தவர். இவன் இன்ஜினியரிங் படித்து, வேலை கிடைக்காமல் அதே ஆலையில் கொஞ்ச நாள் மூட்டை எண்ணியிருக்கிறான். பெண்டாட்டியும் பிள்ளையும் ஊரில். இப்போது என்ன வேலை என்றால் "காலேஜ்ல" என்று மழுப்புவான். கோடையில் ஊர் ஊராக அலைய வேண்டும் என்றான். வாத்தியாருக்கு ஊர் சுற்றுகிற வேலை எதற்கு?

ஒரு நாள் லாரிக்கு அடியில் எட்டிப் பார்க்கக் குனிந்தான். அட்டை வெளியே விழுந்து தொங்கியது. ஏதோ ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பெயர், கீழே அட்மிஷன் கவுன்சிலர். அதாவது காலேஜுக்குப் பிள்ளை பிடிக்கிற ஆள்! இவனிடமா குழம்பு மணத்தைப் பற்றிப் பேசினேன் என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு பிள்ளையைச் சேர்த்தால் உனக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டான். சேர்த்துவிட்ட பையனுக்கு வேலை கிடைத்தால் அது பையனின் சாமர்த்தியம், கிடைக்காவிட்டால் அவன் அப்பா தன்னைத் தேடி வருகிறார், அப்படிச் சிலரைப் பஸ் ஸ்டாண்டில் கண்டால் தானே தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வதாகச் சொன்னான். உண்மையாகத்தான் சொல்கிறானா, இல்லை இப்படிச் சொன்னால் நம்பிவிடுவேன் என்று சொல்கிறானா, எனக்குப் பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை.

"பெத்தவங்க ஊட்டுல இருக்கறப்ப எங்கிட்ட எதுக்கு வந்தே? ஆரு அனுப்புனது?" என்றேன்.

அட்டையைத் திரும்பப் பைக்குள் செருகினான். "அந்தப் பொண்ணுதாண்ணா. அவங்க ஸ்கூல்ல பேசப் போனப்ப தனியா வந்து கேட்டுச்சு. எங்க மாமாகிட்ட பேசுங்க, எடுத்த உடனே படிப்பைப் பத்தி ஆரம்பிக்காதீங்க, சந்தேகப்படுவாரு, நாலு தடவை பழகிட்டு மெதுவா சொல்லுங்கன்னு சொல்லுச்சு. எங்க காலேஜ்ல சேர்றேன்னுகூட அது சொல்லல."

பட்டறையைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து அழுத பெண், என்னிடம் பேச முன்பின் தெரியாத ஒருவனைத் தூது அனுப்பியிருக்கிறாள். தண்ணீர்ச் சொம்போடு வந்தவளை நிறுத்தினேன்.

"எங்கிட்ட நேரா கேக்கறதுக்கு என்ன சாமி?"

அவள் தலையைக் குனியவில்லை. "கேட்டனுங்க மாமா. தீவாளிக்கு நீங்க வந்தப்பவே மேல படிக்கட்டுமான்னு கேட்டனுங்க. இதெல்லாம் உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டீங்க. அப்ப ஆரும் சொல்லிக் குடுக்கலீங்க மாமா."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன். அந்த இடம் வேண்டாம் என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன், உனக்கு என்ன வேணும் நீயே சொல்லு என்றேன்.

மோனிஷா, இவர் எதற்காக இப்படிக் கேட்கிறார் என்று என் முகத்தையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.