முத்திரை கியர் பாக்ஸ் மாற்றிய கதை

எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்தும் அரசாங்க வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர் அவர். ஒரு கிலோ கல் நான்கு கிராம் தேய்ந்திருந்தாலும் கையில் தூக்கியே சொல்லிவிடுவார். கடைத்தெருவில் அவருக்கு முத்திரை என்றே பெயர் விழுந்துவிட்டது. ஓய்வு பெற்றதும் வேலை போனது, பெயர் தங்கிவிட்டது. கூடவே, எதையும் துருவாமல் விடக்கூடாது என்கிற வியாதியும் தங்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு குக்கர் வாங்க ஐந்து மாதம் அலசினார். முடிவுக்கு வந்த அன்று கடைக்குப் போனால், அந்த மாதிரி குக்கரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். அவர் சம்பந்தப்பட்டு பத்தே நாளில் முடிந்த காரியம் ஒன்றே ஒன்றுதான், அவருடைய கல்யாணம். அதில் முடிவெடுத்தது அவர் இல்லை, பெண்.

அந்தப் பெண்ணை இப்போது எல்லோரும் செடிக்காரம்மா என்கிறார்கள். வீட்டை ஒட்டிய மனையில் செடி வளர்த்து, தொட்டியோடு பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அந்த அம்மாவின் தொழில். அதற்கு ஒரு பழைய பிக்கப் வண்டி. அந்த அம்மாவின் அப்பா வைத்திருந்தது. உருண்ட மூக்கு, முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட், ஸ்டியரிங் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பி, மொத்தமே மூன்று கியர். ஓட்டுவது முத்திரை. நாற்பதுக்கு மேல் முள் ஏறினால் அவருக்கு வியர்க்கும். செடிக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொள்வார். பின்னால் வைத்தால் காற்று இளந்தளிரைக் கிழித்துவிடும்.

ஒரு நாள் காலை நாற்பது தொட்டியோடு மேடு ஏறும்போது முத்திரை இரண்டாவது கியரைப் போட்டார். அடியில் கருங்கல்லை அரைப்பது போல் ஒரு சத்தம். வண்டி நின்றது நின்றதுதான். கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் எண்ணெயை வடித்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். அதில் நான்கு இரும்புப் பற்கள்.

"பல்லு கொட்டிப்போச்சு சார். இனிமே இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்க முடியாது. இதே வண்டியோட கியர் பாக்ஸ் ஒண்ணு பழைய இரும்புக் கடையில கிடக்கு. தூக்கி மாட்டினா நாலு நாள்ல வண்டி ரோட்டுல ஓடும்."

"அதே மூணு கியர்தானே?"

"அதேதான். அதுலதானே இத்தனை வருஷமும் ஓடுச்சு?"

"மாத்துறதுன்னு ஆயிட்டா நல்லதா மாத்தணும். நான் கொஞ்சம் விசாரிக்கிறேன்."

இதைக் கேட்டதும் செடிக்காரம்மா வண்டியிலிருந்து தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்.

விசாரணை எட்டு மாதம் நடந்தது. பழைய வண்டிப் பிரியர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில் முத்திரை சேர்ந்தார். வண்டியை ஓட்டுவதை விட அதைப் பற்றி எழுதுவதில் சுகம் காண்பவர்கள் நிறைந்த இடம் அது. மூன்றே நாளில் அவர் அவர்களில் ஒருவராகிவிட்டார். ஒரு குயர் நோட்டில் கோடு போட்டு எழுதிவைத்தார். வண்டியில் இருந்த அதே மூன்று கியர்: "முன்னேற்றம் இல்லை." லாரியின் நான்கு கியர்: "முதல் கியரில் மரத்தையே வேரோடு பிடுங்கலாம்." பிடுங்குவதற்கு மரம்தான் இல்லை. வேனின் ஐந்து கியர்: "நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் இன்ஜின் பூனை மாதிரி ஓடும்." தான் நாற்பதைத் தாண்டியதே இல்லை என்பதை அந்தக் குழுவில் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

செடிகளோ இந்த விசாரணைக்காக வளர்ச்சியை நிறுத்திவைக்கவில்லை. செடிக்காரம்மாவின் தம்பிக்கு மரக்கடை இருந்தது, அங்கே ஒரு சின்ன லோடு வண்டியும் இருந்தது. முதல் சில வாரம் தம்பியே வந்து தொட்டிகளை ஏற்றிப் போனார். பிறகு அவருக்கும் அலுத்துவிட்டது.

"அக்கா, கடையை விட்டுட்டு தினமும் என்னால வர முடியாது. சாவியைத் தர்றேன், நீயே ஓட்டக் கத்துக்கோ. அத்தானை நம்பினா இந்தச் செடி எல்லாம் தோப்பாயிடும்."

மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டார். முதல் தடவையிலேயே தேர்வில் தேறினார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று நேராகக் கணவரிடம் வந்து நின்றார்.

"என்னங்க, லைசென்ஸ் வாங்கிட்டேன்."

முத்திரை கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேன் கியர் பாக்ஸின் எண்ணெய் எத்தனை லிட்டர் என்று அங்கே பெரிய சண்டை. "நல்லது. பத்திரமா வை" என்றார். செடிக் கடைக்கு ஏதோ லைசென்ஸ் புதுப்பித்திருக்கிறாள் என்று அவருக்கு நினைப்பு.

எட்டாவது மாதம் அவர் மனம் ஐந்து கியரில் போய் விழுந்தது. பழைய இரும்புக் கடையில் ஒரு விபத்து வேனிலிருந்து கழற்றிய கியர் பாக்ஸ் இருந்தது. வெர்னியர் அளவுகோலும் பூதக்கண்ணாடியுமாகப் போய் உட்கார்ந்தார். துளைக்குத் துளை இடைவெளி, தண்டின் நீளம், தண்டில் எத்தனை வரிப்பல் என்று அளந்து அளந்து எழுதினார். மூன்றாம் நாள் கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், நீங்க தடவுற தடவலுக்கு கியர் பாக்ஸே கூச்சப்படுது. எடுக்குறீங்களா, இல்ல வேற ஆளுக்கு எடைபோட்டுக் கொடுத்திடட்டுமா?"

உடன் வந்திருந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அளவெல்லாம் சரிதான் சார். கியர் கம்பி எந்த இடத்துல மேல வரும்னு பாத்தீங்களா? வண்டிக்குள்ள ஒரு தடவை உக்காந்து பாத்துட்டா நல்லது."

"உக்காந்து பாக்குறதுக்கு இது என்ன சோபாவா? அறுபத்தோரு அளவு எடுத்திருக்கேன். நீ மாட்டுற வழியைப் பாரு."

மாட்டுவதற்கு ஒரு மாதம் ஆனது. தரைத்தகட்டை வெட்டினார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் குட்டையாக்கினார்கள். கியர் பாக்ஸைத் தாங்க அடியில் புதுச் சட்டம் அடித்தார்கள். கடைசியாகக் கியர் கம்பியைப் பொருத்தியபோதுதான் விஷயம் வெளிவந்தது. அந்த வேனில் டிரைவர் உட்காரும் இடம் வேறு. அதற்குத் தக்கபடி கம்பி பின்னால் தள்ளி, ஒரு பக்கமாகச் சாய்ந்து வருவது. இந்த வண்டியில் அது பெஞ்சு சீட்டின் பஞ்சைக் கிழித்துக்கொண்டு, செடிக்காரம்மா உட்காரும் இடத்தின் நட்டநடுவில் எழுந்து நின்றது.

"சார், கம்பி அக்கா சீட்டுல வருது" என்றார் மெக்கானிக்.

முத்திரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "கொஞ்சம் ஒதுங்கி உக்காந்தா சரியாப்போச்சு" என்றார். ஒதுங்க வேண்டியது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

மறுநாளே ஒரு மருத்துவமனைக்குச் செடி போக வேண்டியிருந்தது. செடிக்காரம்மா கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக உட்கார்ந்தார். மடியில் நாற்றுத் தட்டு. முதல் கியர் போட்டபோது கம்பி ஒரு முட்டியை இடித்தது. மூன்றாவது போட்டபோது மற்ற முட்டியை.

"கொஞ்சம் தள்ளி உக்காரேன்" என்றார் முத்திரை.

"இதுக்கு மேல தள்ளினா கதவைத் திறந்துட்டு வெளியதான் உக்காரணும்."

மேடு வந்தது. இரண்டாவது கியருக்குக் கம்பியைப் பின்னால் இழுத்தார். பின்னால் தட்டு இருந்தது. கம்பி பாதியில் நின்றது. இவர் இழுக்க, அந்த அம்மா தட்டைத் தூக்க, வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் மெல்லப் பின்னோக்கி உருண்டது. பின்னால் வந்த பேருந்து ஊரைக் கூட்டுவது போல் ஹாரன் அடித்தது. முத்திரை பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். நாற்றுத் தட்டு எகிறி அவர் மடியில் கவிழ்ந்தது. பின்னால் இரண்டு தொட்டி உடைந்த சத்தம் கேட்டது.

செடிக்காரம்மா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அவர் சட்டையிலிருந்து ஒரு நாற்றை மண்ணோடு எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

"விளையாடுறியா? உனக்கு ஓட்டத் தெரியுமா? லைசென்ஸ் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "அன்னைக்கே சொன்னேனே. பத்திரமா வைன்னீங்க. வச்சிருக்கேன்."

முத்திரை அந்த அட்டையை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. பேருந்து மறுபடியும் ஹாரன் அடித்தது. இறங்கிச் சுற்றி வந்து, கம்பிக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் மேடு ஏறியது. புறவழிச் சாலை வந்ததும் செடிக்காரம்மா ஐந்தாவது கியரைப் போட்டார். முள் அறுபத்தைந்தில் நின்றது. உள்ளதைச் சொல்ல வேண்டும், இன்ஜின் பூனை மாதிரிதான் ஓடியது. அந்த விஷயத்தில் முத்திரை கணித்தது நூற்றுக்கு நூறு சரி. அதை வாய்விட்டுச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஒரு கை தட்டைப் பிடித்திருந்தது, இன்னொரு கை கதவின் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தது, ஐந்தாவது கியர் அவர் தொடையில் அழுந்திக் கிடந்தது.

அன்று முதல் செடிக்காரம்மாதான் ஓட்டுகிறார். முத்திரை கூடப் போகிறார், தட்டுப் பிடிக்க ஆள் வேண்டுமே. "காலை ஒடுக்குங்க", "இன்னும் கொஞ்சம்", "ம், போதும்" என்று வழி நெடுகப் பேச்சு நடக்கிறது.

இரண்டு மாதம் கழித்து எண்ணெய் மாற்றப் பட்டறைக்குப் போயிருந்தார்கள். வேலை முடிந்து, செடிக்காரம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பியிருந்தார். மெக்கானிக்கின் கண், பக்கத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முத்திரையின் முட்டியில் இருந்த கன்றிய தழும்புகளில் விழுந்தது.

"சார், அந்தக் கம்பியைச் சூடுகாட்டி ஒரு வளைவு குடுத்தா போதும், டிரைவர் பக்கமாப் போயிடும். அரை நாள் வேலை. அன்னைக்கே சொல்லியிருப்பேன், நீங்க ஒதுங்கி உக்காந்தா போதும்னுட்டீங்க."

"இப்பவே வளைச்சிடு!" என்றார் முத்திரை.

நோட்டு இல்லை, வெர்னியர் இல்லை, எந்தக் கோணம் என்று ஒரு கேள்விகூட இல்லை. முட்டி தன்னுடையது என்றதும் மூன்றே நொடியில் முடிவுக்கு வந்துவிட்டார். மெக்கானிக் ஆடிப்போய் செடிக்காரம்மாவைப் பார்த்தார்.

"இன்னைக்கு முடியாதுப்பா. மூணு பள்ளிக்கூடத்துக்குத் தொட்டி போகணும்" என்றார் அந்த அம்மா.

"அப்போ நாளைக்கு?" என்றார் முத்திரை.

"நாளைக்கு நாலு. காலை எடுங்க, ரிவர்ஸ் போடணும்."