விலாவுக்கு வெட்டின பலகை

கிட்டார் செய்கிற இடத்தில் வேலை என்றதும் பாட்டும் கூத்துமாய் இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் மரத்தூள். கனடாவில், ஸ்கார்பரோவில் ஜன்னல் இல்லாத நீளக் கட்டிடம். மின்சாரக் கிட்டாரின் உடம்பு வெறும் பலகைதான். அதை மெஷின் வாளில் வெட்டுவார்கள். நான் தேய்ப்பேன். எண்பத்தி நாலாம் ஆண்டு, பனிக்காலம்.

தேய்த்த பிறகு பெண்கள் போடுகிற நைலோன் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பலகையைத் தடவவேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிலும்பு அதில் கொளுவும்.

"உது ஆற்றை காலுறை தம்பி? மனுசி தேடப்போறா," என்று பக்கத்து மேசையில் இருந்து ஒருத்தர் தமிழில் கேட்டார்.

"எனக்கு மனுசி இல்லை அண்ணை."

"அப்ப இன்னும் பிழை."

அப்படித்தான் பழக்கம். அவர் மன்னார், கத்தோலிக்க வேதக்காரர். நான் மட்டக்களப்பு. மறுகா, கொஞ்ச நாளில், ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம்.

அவர் கொழும்பில் கலியாண வீடுகளுக்கு கிட்டார் வாசித்தவர். எண்பத்திமூன்று கலவரத்தில் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். வலது விலா உடைந்து, பொருந்தாமல் பொருந்தி, ஒரு எலும்பு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கூட வாசித்த இரண்டு பேர் அன்றைக்கே செத்துப்போனார்கள்.

ஞாயிறுகளில் வெள்ளைக்காரரின் கோயிலை இரவல் வாங்கித் தமிழ்ப் பூசை நடக்கும். அண்ணை பழைய மின்சாரக் கிட்டார் ஒன்றோடு போவார். நானும் போவேன், குளிருக்கு. ஒரு பாட்டு வாசிப்பார். பலகையின் விளிம்பு அந்த எலும்பில் குத்தும். முகம் வெளிறிப்போகும். கிட்டாரைக் கீழே வைத்துவிடுவார்.

"விடுங்கோவன் அண்ணை. ஏன் இந்த வேதனை?"

"வாசிச்சாத்தான் அவங்கள் ரெண்டு பேரும் வருவாங்கள் தம்பி. இல்லாட்டி வரமாட்டாங்கள்."

வேறொரு நாள் கழிவுப் பலகைக்குள் ஒரு உடம்பு கிடந்தது. பின்பக்கம் வெடிப்பு. அண்ணை முதலாளியிடம் கேட்டார். எடு என்றார் முதலாளி. அண்ணை சாப்பாட்டு நேரங்களில் சட்டையைத் தூக்கிப் பலகையை நெஞ்சோடு வைத்து, குத்துகிற இடத்தில் பென்சிலால் கீறி, அரத்தால் ராவினார். திரும்ப வைத்துப் பார்ப்பார். திரும்ப ராவுவார். பலகையின் முதுகு உள்ளுக்கு வளைந்தது. அந்த எலும்புக்கு நேரே மட்டும் முட்டை அளவில் ஒரு பள்ளம். வெடிப்பும் அதோடு போய்விட்டது.

"ஆண்டவர் ஆதாமின்ரை விலாவை எடுத்தார். நீங்கள் பலகையின்ரை விலாவை எடுக்கிறியள்," என்றேன். பூசைக்குப் போய்ப் போய் எனக்கும் வேதம் கொஞ்சம் தெரியும்.

"அவருக்கு ஒரு பொம்பிளை கிடைச்சா. எனக்கு என்ன கிடைக்குதெண்டு பாப்பம்."

பழைய கிட்டாரின் கழுத்தை மாட்டி, கம்பி பூட்டினார். அந்த ஞாயிறு பூசை முடியும்வரை வாசித்தார். பிறகு ஆட்கள் கதிரை அடுக்கும்போதும் வாசித்தார். அழுதுகொண்டு வாசித்தார். நான் கதிரை அடுக்கினேன்.

கதை வேலையிடத்துக்குப் போனது. முதலாளி கிட்டாரைக் கொண்டுவரச் சொன்னார். தன் வயிற்றோடு வைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பித் தடவினார். இதைக் கொஞ்ச நாள் தா, அச்சு எடுக்கவேண்டும், இதைவிட நல்லதாய் ஒன்று உனக்குச் செய்து தருகிறேன் என்றார். அகதி வழக்கு முடியாத ஆள். முதலாளி கேட்கிறார். அண்ணை ஓம் என்றார்.

வளைவு பிடிபட வேண்டும் என்று அதைக் குறுக்கே துண்டு துண்டாய் அரிந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. துண்டுகளை மேசையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அண்ணை பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்த் தேய்க்கத் தொடங்கினார்.

அச்சைச் செய்தவர் ஃபோர்மன், போர்த்துக்கல் ஆள், கெட்டிக்காரன். அந்தப் பள்ளத்தை அரம் வழுக்கின பிழை என்று நினைத்துப் புட்டிப் பசை வைத்து நிரப்பினார். பிழை இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். என் விலாவைத் தட்டிக் காட்டினேன். பசிக்குதா என்று கேட்டு, தன் சாப்பாட்டிலிருந்து பாதிப் பாணைத் தந்தார்.

அச்சில் வந்த முதல் கிட்டாரை முதலாளி அண்ணைக்கே கொடுத்தார். சிவப்பு, கண்ணாடி மாதிரி மினுக்கம். எல்லாரும் கைதட்டினார்கள். அறைக்கு வந்து அண்ணை நெஞ்சோடு வைத்தார். அதே இடத்தில் குத்தியது.

மினுக்கத்தைப் பார்க்காமல் அரத்தை எடுத்தார். ஆனால் இது மெல்லிசாய்ச் செய்த உடம்பு. உள்ளே மின்கம்பிகளுக்கு விட்ட கிடங்கு அந்த இடத்துக்கு நேரே. கொஞ்சம் ராவினதும் அரம் உள்ளுக்குப் போய்விட்டது. சிவப்புப் பலகையில் ஓட்டை. அதுக்குள்ளால் மின்கம்பி தெரிந்தது.

கழிவுப் பலகையைக் கேட்டோம். இனி ஒரு துண்டும் வெளியே போகாது என்றார்கள். வடிவம் கம்பனியின் சொத்தாம்.

"வெளியில பலகை வாங்குவம் அண்ணை. நான் தேய்ச்சுத் தாறன்."

"எத்தினை தரம் தம்பி நெஞ்சில வைச்சுப் பாக்கிறது? போதும், காணும்."

இரண்டு மூன்று வருஷத்துக்குள் அந்த வடிவம் எங்கும் வந்துவிட்டது. டிவியில் தலைமயிர் வளர்த்த பெடியள் எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டு துள்ளினார்கள். உடம்போடு ஒட்டுது, சுகமாயிருக்குது என்று சொன்னார்களாம். வாவியில் படகு பார்த்தபோது வந்த யோசனை என்று முதலாளி கடைக்காரருக்குச் சொல்லுவார். சொல்லட்டும். நானும் நூற்றுக்கணக்கில் தேய்த்தேன். வேலை அது.

அண்ணை மல்வேர்ன் பக்கம் ஒரு பேக்கரியில் வேலைக்கு மாறினார். நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாள் பூசைக்கு, ஒருக்கா கூட்டிக்கொண்டு போனேன். கிட்டார் இல்லாமல் பாடினார்கள். அண்ணை கடைசி வாங்கில் உட்கார்ந்து தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பாதிப் பாட்டில் அதையும் நிறுத்தினார்.

"அவங்கள் வரேல்லையோ அண்ணை?" என்று மெல்லக் கேட்டேன்.

"இல்லை," என்றார்.